மூன்றில் இரண்டு பேர் ‘சரி’ என்றால்…

மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், அண்ணா நகர் என்று சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் பழைய ஃப்ளாட் ஒன்றை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். எண்பதுகளில் கட்டிய, லிஃப்ட் இல்லாத கட்டடங்கள். சீலிங் பெயர்கிறது, கம்பி துருவேறிவிட்டது, மாடிப்படி ஏற முட்டி ஒத்துழைப்பதில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பில்டர் வந்து, “உங்களுக்குப் புது வீடு இலவசம், மிச்ச வீடுகளை நான் விற்றுக்கொள்கிறேன்” என்கிறார்.

முன்பு நடைமுறையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் இது நடக்கும். ஒருவர் முரண்டு பிடித்தால் பத்து வருடம் இழுக்கும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் போதும். 12 வீட்டுக் கட்டடத்தில் எட்டுப் பேர். நல்ல மாற்றம்தான், இடிந்து விழும் கட்டடத்தை ஒருவருடைய பிடிவாதத்துக்காகக் காப்பாற்ற முடியாது. ஆனால் மீதி நாலு பேர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவர்கள் வயதானவர்கள்.

இதுவரை மோட்டார் ரிப்பேருக்கும் தண்ணீர் லாரிக்கும் கூடிய சங்கம், இப்போது கோடிக்கணக்கான ரூபாய் சொத்தைப் பற்றி முடிவெடுக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் படம் போடுவது சம்மதம் ஆகாது. எழுத்துமூலம் நோட்டீஸ் போக வேண்டும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. கூட்டத்தில் பேசியதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுத வேண்டும், வேண்டாம் என்றவர் சொன்ன காரணம் உட்பட. ஒரே பில்டரை மட்டும் செயலாளர் அழைத்து வந்தால், ‘ஏன் இவர் மட்டும்?’ என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் இன்னும் ஒரு முறை கேளுங்கள்!

எல்லோரும் கேட்பது, ‘புது வீடு எத்தனை சதுர அடி?’ கேட்க மறப்பது யுடிஎஸ், அதாவது மனையில் உங்கள் பங்கு. மூன்று கிரவுண்டு, அதாவது 7,200 சதுர அடி மனையில் 12 வீடு இருந்தால், சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 600 சதுர அடி நிலம். அதே மனையில் 24 வீடு வந்தால் 300தான். வீடு பெரிதாகி, நிலம் பாதியாகிவிடும். இது ஏமாற்று இல்லை, கணக்கே அப்படித்தான். 2019 கட்டட விதிகளில் எஃப்எஸ்ஐ 1.5-லிருந்து 2 ஆனதால்தான் பில்டருக்கு இதில் ஆர்வம். உங்கள் நிலத்தில் பாதியைத்தான் அவர் விலையாக வாங்குகிறார் என்பது தெரிந்தால், பேரம் பேசும் குரலே மாறும்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்து, எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால் ரெரா பதிவு தேவை. மூன்று கிரவுண்டு மனை அந்த அளவைத் தாண்டிவிடும். பதிவு எண் வாங்கிக் காட்டும்வரை பழைய வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். பில்டரின் வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தைச் சங்கம் தன் செலவில் வேறொரு வக்கீலிடம் காட்ட வேண்டும். 12 வீடு பங்கு போட்டால் அது பெரிய தொகை இல்லை.

இன்னொரு சிக்கல், பத்திரம் இன்னும் காலமான கணவர் பெயரிலேயே இருப்பது. வாரிசுச் சான்றிதழ் வாங்காத அம்மாவின் கையெழுத்து தனியாகச் செல்லாது, பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும். அதனால் கூட்டத்துக்கு முன்பே, யார் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று சங்கம் ஒரு பட்டியல் போடட்டும்.

கட்டி முடிக்க இரண்டு வருடமாவது ஆகும். அதுவரை வாடகையை பில்டர் தருவார், சரி. எழுபத்தெட்டு வயதில் தனியாக இருப்பவருக்கு வீடு தர எந்த ஹவுஸ் ஓனர் முன்வருவார்? அதே தெருவில், தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்துக் கொடுப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லலாம். பில்டர்கள் மறுப்பது அபூர்வம், கேட்பவர்கள்தான் இல்லை.