எந்திரம் பூ வெட்டும். பாட்டியின் பெயரை யார் எழுதுவது?

நவராத்திரி வந்துவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கால் வைக்க இடம் இராது. வழி நெடுக கொலு பொம்மைகள். பேரம் பேசும் தாய்மார்கள். பொம்மை வேண்டும் என்று அடம் பிடிக்கும் குழந்தைகள்.

பொம்மையோடு வண்ணக் காகிதமும் வீட்டுக்குப் போகும். அக்காள் கத்தரிக்கோல் எடுப்பாள். தங்கை பசை தடவுவாள். பூவும் தோரணமும் தயார். தரை எல்லாம் காகிதத் துண்டுகள். வீடே களை கட்டிவிடும்!

இப்போது அந்தக் கத்தரிக்கோலுக்குப் போட்டி வந்திருக்கிறது. அதுதான் காகிதம் வெட்டும் மின்சார எந்திரம்.

எப்படி வெட்டுகிறது?

அது மேஜை மேல் அடங்கும் சிறிய எந்திரம். உள்ளே பேனா முனை அளவில் ஒரு கத்தி இருக்கிறது. கம்ப்யூட்டரில் அல்லது செல்போனில் படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். பசை உள்ள ஒரு விரிப்பில் காகிதத்தை ஒட்டி உள்ளே தள்ள வேண்டும். அவ்வளவுதான்.

உருளைகள் காகிதத்தை முன்னும் பின்னும் இழுக்கும். கத்தி இடமும் வலமும் ஓடும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது எந்த வளைவும் விழும். மயில் தோகையானாலும் பிசிறு இராது. நூறு பூ வேண்டுமா? நூறும் ஒரே அச்சு!

ஆனால் விலை பல ஆயிரம் ரூபாய். கத்தி மழுங்கினால் மாற்ற வேண்டும். விரிப்பில் பசை போனால் அதையும் மாற்ற வேண்டும். கரண்டு போனால் வேலையும் நின்றுபோகும்.

ஆல்பத்துக்கு அலங்காரம்

இந்த எந்திரத்தை வாங்குகிறவர்களில் பலர் குடும்ப ஆல்பம் செய்கிறார்கள். வெறும் போட்டோ ஆல்பம் அல்ல. மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, குழந்தையின் முதல் மார்க்கு அட்டை, திருப்பதி போன பஸ் டிக்கெட் எல்லாம் அதில் இடம் பெறும். சுற்றிலும் வெட்டிய பூக்களும் எழுத்துக்களும் இருக்கும்.

இந்த ஆசை புதிது அல்ல. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன், பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு 1873-ம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். நீர் தொட்டால் போதும், ஒட்டிக் கொள்ளும். வேலையைச் சுலபமாக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது.

கைவேலை செத்துவிடுமா?

"எந்திரம் வந்தால் பிள்ளைகளுக்குக் கைவேலை மறந்துவிடும்" என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் முழுக்கச் சரி அல்ல.

வாசலில் ஒட்டும் ஸ்டிக்கர் கோலம் கடைக்கு வந்தபோதும் இதே பேச்சு எழுந்தது. அடுக்கு மாடி வீடுகளில் அது புகுந்தது உண்மை. ஆனால் அரிசி மாக் கோலம் அழிந்ததா? இல்லை. மயிலாப்பூர் விழாவின் கோலப் போட்டிக்கு வடக்கு மாட வீதிதானே பலகை! நேரம் இல்லாதவர் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். ஆசை உள்ளவர் குனிந்து புள்ளி வைக்கிறார். இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஆகவே எந்திரம் குற்றவாளி அல்ல. முதுமையில் கை நடுங்கும் ஒருவருக்கு அது உதவிக் கரம். வீட்டிலிருந்தபடியே வாழ்த்து அட்டை செய்து விற்கும் பெண்ணுக்கு அது பிழைப்புக் கருவி.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

வெள்ளம் சொன்ன பாடம்

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு பெருக்கெடுத்தது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கட்டிலும் பீரோவும் நனைந்தன. அவற்றோடு போட்டோக்களும் நனைந்தன.

கட்டிலைத் திரும்ப வாங்கலாம். தாத்தாவின் ஒரே போட்டோவை எந்தக் கடையில் வாங்குவது?

வெள்ளம் வராத வீட்டிலும் ஒரு நஷ்டம் நடந்து கொண்டிருக்கிறது. பழைய படத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். "இது யார்?" என்று பேரன் கேட்கிறான். பாட்டிக்குத் தெரியும். பாட்டி போய்விட்டால்? அந்தப் பத்துப் பேரும் பெயர் இல்லாதவர்கள் ஆகிவிடுவார்கள்!

இரவெல்லாம் பூவின் நிறத்தையும் எழுத்தின் வடிவத்தையும் தேடுகிறார்கள். பாட்டியிடம் பெயர் கேட்க மட்டும் நேரம் இல்லை. தப்பு எந்திரத்தில் இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை

எந்திரம் நமது காசில் வாங்கியது. ஆனால் அதை ஓட்டும் மென்பொருள் கம்பெனியின் கையில் இருக்கிறது. 2021 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் கிரிகட் நிறுவனம் ஓர் அறிவிப்பு செய்தது. சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 சொந்தப் படங்களுக்கு மேல் ஏற்ற முடியாது என்றது. வாங்கியவர்கள் கொதித்து எழுந்தார்கள். சில நாட்களில் நிறுவனம் பின்வாங்கியது.

வாடிக்கையாளர் வென்றார்கள். நல்லது. ஆனால் கத்தரிக்கோல் யாரிடமும் சந்தா கேட்பது இல்லை. வாங்கும் முன் இதையும் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலை, பழைய படங்களைப் பிரதி எடுப்பது. செல்போனில் எடுத்தாலும் சரி. ஒரு பிரதி வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும்.

இரண்டாவது, பெயர் எழுதுவது. பழைய படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா அழுத்தினால் முன் பக்கத்தில் தழும்பு விழும். யார், எந்த ஊர், எந்த ஆண்டு — இந்த மூன்றும் போதும்.

மூன்றாவது, அலங்காரம். அலங்கார ஆல்பத்தில் பிரதியைத்தான் ஒட்ட வேண்டும். அசல் படத்தில் பசை படக் கூடாது. செல்லோ டேப் நாளடைவில் பழுப்பாகிக் கறை விடும். மலிவுக் காகிதத்தில் உள்ள அமிலம் படத்தையே கெடுக்கும். அமிலம் இல்லாத காகிதம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதற்குப் பிறகு பூ வெட்டலாம். எந்திரத்திலும் வெட்டலாம், கையாலும் வெட்டலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுத்து ஒரு பக்கத்தை விட்டுவிட வேண்டும். அவர்கள் வெட்டிய பூ கோணலாக இருக்கும். இருக்கட்டும்! இருபது ஆண்டு கழித்து அந்தக் கோணல் பூவைத்தான் தாய் தேடிப் பார்ப்பாள்.

எந்திரம் தந்த நூறு பூவும் ஒன்று போல இருக்கும். ஆனால் பாட்டி ஒருத்திதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பென்சிலை எடுத்துக் கொண்டு அவள் அருகில் உட்கார வேண்டும். பூ நாளைக்கு வெட்டிக் கொள்ளலாம்.