பெட்டியில் இருப்பதா அசல்?



ஞாயிறு காலையில் பிடோக் காப்பிக் கடை ஒன்றில் நாங்கள் நால்வர் கூடுவது வழக்கம். பேச்சு எங்கே தொடங்கினாலும் பழைய மோட்டார் சைக்கிளில்தான் வந்து முடியும். சென்ற வாரம் நண்பர் ஒருவர் மேசையைத் தட்டிச் சொன்னார்: "பழைய வண்டிக்கு அசல் பாகம் மட்டும்தான் சார் போடணும். மற்றதெல்லாம் குப்பை." மற்ற இருவரும் தலையசைத்தனர். நான் அசைக்கவில்லை. காரணத்தை அங்கே சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஒரு காலத்தில் நானும் இதே கொள்கையை உரக்கப் பேசியவன்தான். என் தந்தையார் 1978இல் வாங்கிய புல்லட் 350 இன்றும் திருச்சியில் தம்பி வீட்டில் நிற்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அதன் சிலிண்டர் தேய்ந்து புகை கக்கியது. "அடுத்த அளவுக்குப் போர் போட்டு, நல்ல நிறுவனத்தின் பிஸ்டன் ஒன்றைப் போடலாம்" என்றார் மெக்கானிக். நான் இங்கிருந்து தொலைபேசியில் தடுத்தேன். பலரிடம் சொல்லி வைத்து, பிரிக்கப்படாத பழைய பெட்டி ஒன்றை இருமடங்கு விலைக்குத் தேடிப் பிடித்தேன். பிஸ்டனை அளந்து பார்த்த பின்பே போர் போட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். "அசல்தானே, எதற்கு அளவு? பெட்டியில் எழுதியுள்ளபடி போடுங்கள்" என்றேன்.

மூன்றாம் வாரம் தஞ்சாவூர்ச் சாலையில், தம்பி மகள் பின்னால் அமர்ந்திருக்க, இயந்திரம் 'சீஸ்' ஆகிவிட்டது. பின்சக்கரம் அப்படியே இறுகியது. தம்பி கிளட்சைப் பிடித்ததால் வண்டி சறுக்கிக்கொண்டு ஓரத்தில் நின்றது. குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் இக்கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

பிரித்துப் பார்த்தபோது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி போதாமல் இருந்தது தெரிந்தது. புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு; பிஸ்டன் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரியும். அந்த விரிவுக்கு விடும் இடம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அதைப் பெட்டி சொல்லாது, மைக்ரோமீட்டர்தான் சொல்லும். பிழை பெட்டியின் மீதோ மெக்கானிக்கின் மீதோ இல்லை. அளக்க விடாத என் மீதுதான்.

சரி, 'அசல்' என்று நாம் எதைச் சொல்கிறோம்? புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, அங்கிருந்து வந்த பாகங்களைச் சென்னையில் பூட்டத் தொடங்கினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே உருவாயின. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பிறந்த இடம்தான் அசல் என்றால், என் தந்தையாரின் வண்டி முழுவதுமே 'டூப்ளிகேட்' அல்லவா? அந்த 'டூப்ளிகேட்' திருவொற்றியூரிலிருந்து 1977இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று! ஒரு பொருளைச் சரியான அளவில், சரியான உலோகத்தில் வேறொருவர் செய்ததால்தான் அந்த வண்டி பிழைத்தது. அசல் பித்துப் பிடித்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. வண்டி நிறுவனம் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. பிஸ்டன், பேரிங், வால்வு ஒவ்வொன்றும் தனித் தொழில். 6205 என்ற எண்ணுள்ள பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. உலகில் யார் செய்தாலும் இதுவே அளவு. பேரிங் நிறுவனத்தின் பெட்டியில் ஒரு விலைக்கும், வண்டி நிறுவனத்தின் பெட்டியில் அதைவிடக் கூடுதல் விலைக்கும் அதே பேரிங் விற்கலாம். கூடுதலாக நாம் கொடுப்பது அட்டைக்கான விலை.

மேலும், இரும்பு காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது. நாற்பது ஆண்டு அலமாரியில் கிடந்த ஆயில் சீல் எவ்வளவு அசலானாலும் காய்ந்த தோல்தான். எரிபொருளும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் சிங்கப்பூரில் 1998இலும் இந்தியாவில் 2000இலும் நின்றுபோனது. பழைய இயந்திரங்களின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது அந்த ஈயம். இன்று இந்தியாவில் பெட்ரோலோடு 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். அன்றைய பொறியாளர் அறியாத எரிபொருளுக்கு, அவர் காலத்துப் பாகம்தான் உகந்தது என்பது பக்தியே தவிர அறிவன்று.

இதைக் கேட்டு, "அப்படியானால் மலிவானது எதையும் மாட்டலாம்" என்று யாரும் புறப்பட வேண்டா. பதம் பார்க்காத உலோகத்தில் செய்த கேம், மிருதுவான பல்சக்கரம் இவையெல்லாம் இயந்திரத்தை உள்ளிருந்தே தின்றுவிடும். ஆனால் அந்தக் குப்பையும் இப்போது அசல் பெட்டியில்தான் வருகிறது. முத்திரை அச்சிடுவது எளிது. உலோகத்தைச் சரியாக வார்ப்பதுதான் கடினம்.

தமிழாசிரியன் என்பதால் ஓர் உவமை. வேற்றுமொழிச் சொல்லை உள்ளே விடவே கூடாது என்று தொல்காப்பியர் கதவடைக்கவில்லை. வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தின் அளவுக்குள் பொருந்தி வந்தால் ஏற்கலாம் என்றே விதி செய்தார். பிறப்பைக் கேட்கவில்லை, பொருத்தத்தைக் கேட்டார். நாம் மார்தட்டிச் சொல்லும் 'அசல்' என்ற சொல்லே அரபியிலிருந்து வந்ததுதான்!

என் முடிவுகள் இவை:

1. பிஸ்டன், ரிங், வால்வு, பேரிங்: பெயர் பெற்ற நிறுவனம் எதுவானாலும் சரி. பிஸ்டனை அளந்த பிறகே சிலிண்டரைப் போர் போட வேண்டும்.

2. சீல், கேஸ்கெட், பெட்ரோல் குழாய்: புதிதாகச் செய்தவை மட்டுமே.

3. கேம், பல்சக்கரம்: நல்ல நிலையில் உள்ள பழைய அசல் இருந்தால் அதை விடாதீர்கள். மாற்றுப் பாகம் வாங்கினால் உலோகத்தின் கடினத்தைச் சோதித்து வாங்குங்கள்.

4. டாங்க், முகப்பு விளக்குக் கூடு, பெயர்த்தகடு: இங்கே அசலைப் போற்றுங்கள். கீறல் இருந்தாலும் இருக்கட்டும். அவை நினைவைச் சுமக்கின்றன, உயிரைச் சுமக்கவில்லை.

தந்தையாரின் வண்டியில் இப்போது ஓடுவது மாற்று நிறுவனத்தின் பிஸ்டன், மெக்கானிக் தம் கையால் அளந்து போட்டது. டாங்கில் அப்பாவின் சாவிக்கொத்து உரசி விழுந்த கோடு அப்படியே இருக்கிறது. அசல் பிஸ்டன் என் பிடோக் வீட்டு அலமாரியில், இழுபட்ட கோடுகளோடு அமர்ந்திருக்கிறது. வரும் ஞாயிறு அதைக் காப்பிக் கடைக்கு எடுத்துச் சென்று மேசைமேல் வைக்கப் போகிறேன்.

மறுப்புடையோர் தாராளமாக எழுதுங்கள். அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.