ஆங்கில வினையும் காலமும்

ஆங்கிலத்திற் காலம் பன்னிரண்டென மாணாக்கர் வாய்பாடுபோல் மனனஞ் செய்கின்றனர். செய்தும், ‘நேற்று’ என்னும் பொருட்சொல்லுடன் ‘ஹாஸ் கம்’ என்றெழுதிப் பிழைபடுகின்றனர். அவரை யாம் நோகோம். ‘நேற்று வந்திருக்கிறான்’ என்பது தமிழில் வழுவன்று. ஆங்கிலத்திலோ அவ்வடிவம் நிகழ்காலத் தொடர்புடையதாகலின், கழிந்த நாளைச் சுட்டுஞ் சொல் அதனோடு இயையாது. இதனை எந்த வாய்பாடு உணர்த்தும்?

உண்மையில், ஆங்கில வினை தன்னுருத் திரிந்து காட்டுங் காலம் இரண்டே. எதிர்காலத்திற்குத் தனி வடிவமில்லை. ‘வில்’ என்னுந் துணைவினையே உதவுகின்றது. ‘வருவான்’ என ஒரே சொல்லில் அதனைக் கூறும் நம் மாணாக்கனுக்கு இது வியப்பாகும். ஏனைய வடிவங்களும் துணைவினை சேர்ந்தனவே. ‘செய்துகொண்டிருக்கிறான்’, ‘செய்திருக்கிறான்’ என நாமும் நாடோறுஞ் சேர்க்கின்றோமன்றோ?

ஆகவே, ஆங்கில வகுப்பிற் தமிழ் வினைகளையும் அருகில் வைத்தே கற்பித்தல் வேண்டுமென்பது எமது கருத்து. அவ்வகுப்பில் தமிழ் பேசித் தண்டமிறுத்த பழைய மாணவர் சிலர் இதுகண்டு நகைக்கவுங்கூடும்.