ஒரே எண், இரண்டு உடம்பு
எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பிஎம்ஐ கணக்கை 19ஆம் நூற்றாண்டில் போட்டவர் பெல்ஜியத்தின் கெட்லே. மருத்துவர் அல்ல, வானியலும் புள்ளியியலும் அறிந்தவர். ஊரை அளக்கச் செய்த கோலை நாம் ஆளாளுக்கு நீட்டுகிறோம். 2004இல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! நம்மவர்களுக்கு பிஎம்ஐ 23-லேயே உஷாராகச் சொல்வது இந்த உடல்வாகால்தான். எண்ணைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று பார்த்ததும் மைசூர்பாகுக்குக் கை நீட்டுகிறோமே, அதற்குமுன் வயிற்றைச் சுற்றி ஒரு டேப் வைக்கலாம். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டினால் சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள்.