செத்துப் பிறக்கும் குட்டிக்கு யார் பொறுப்பு?

 

அஞ்சு மாசம் சுமந்த ஆடு செத்த குட்டியை ஈனுது. உயிரோடு பிறந்ததும் எழுந்து நிக்க முடியாமல் குளிரில் விறைச்சுப் போகுது. சில குட்டிக்குக் கழுத்தில் கட்டி. கேட்டால் "பராமரிப்பு சரியில்லை" என்று நம்ம தலையிலேயே கட்டுகிறார்கள். ஊரில் சாமி குத்தம் என்கிறார்கள். இரண்டும் பொய்!

குட்டி குளிரைத் தாங்க உடம்பில் சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அதைச் செய்ய அயோடின் வேண்டும். செய்த ஹார்மோன் முழுசாக வேலை செய்யும் வடிவத்துக்கு மாறச் செலினியம் வேண்டும். தாய் ஆட்டின் ஹார்மோன் குட்டிக்கு மிகச் சொற்பமே போகிறது. அயோடின்தான் போகும், அதை வைத்துக் குட்டியே தனக்குச் செய்துகொள்ள வேண்டும். தாயிடமே இல்லாவிட்டால் குட்டி எங்கே போகும்?

சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் மரவள்ளித் தழை போடுகிறோம். அதிகம் தின்றால் ஆடு துடித்துச் சாகும் என்பது நமக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாலும் அந்த விஷம் உடம்பில் வேறு பொருளாக மாறி, தைராய்டுக்குள் அயோடினை நுழைய விடாது. சவுண்டல் தழையும் தைராய்டைக் கெடுக்கும். பஞ்சத்தில் வேறு தீவனம் ஏது? தழை போட்டது நம்ம குற்றமா?

மனிதர் தின்னும் உப்பில் அயோடின் கட்டாயம் என்று 2006-ல் நடுவண் அரசு சட்டம் போட்டது. ஆட்டுக்கு நாம் வைப்பது வெறும் கல்லுப்பு! 2011-ல் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடு வீதம் விலையில்லாமல் கொடுத்தது தமிழக அரசு. வரவேற்றோம். ஆனால் ஆடு கொடுப்பது பாதி வேலைதான். குட்டி பிழைக்க வழி செய்வது மீதி வேலை!

மாட்டுத் தாதுஉப்பை ஆட்டுக்கு வைக்கச் சொன்னால் ஏமாறாதீர்கள். செம்மறிக்குச் செம்புச் சத்து கூடினால் ஈரலில் சேர்ந்து, காமாலை கண்டு, சிறுநீர் சிவந்து சாகும். கேட்க வேண்டியது செம்மறிக்கென்றே செய்த கலவை.

நம் கோரிக்கைகள்:

1. செம்மறிக்கான தாதுஉப்புக் கலவையை எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் மானிய விலையில் கொடு! கடைசி இரண்டு மாதச் சினை ஆடுகளுக்கு இலவசமாகக் கொடு! குட்டி வேகமாக வளர்வது அப்போதுதான்.

2. செத்துப் பிறக்கும் குட்டிகளைப் பரிசோதனை செய்! தாதுக் குறையா, தொற்று நோயா என்று எழுத்தில் சொல்!

3. எந்த ஊர் மண்ணிலும் தீவனத்திலும் எந்தச் சத்து குறைவு என்று ஆய்ந்து, கிராமசபையில் வாசி!

ஒரு குட்டி போனால் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு போச்சு. இது பிச்சை அல்ல, உரிமை! பட்டிக்கு ஒருவர் வாருங்கள். கால்நடைத்துறை அலுவலகம் முன் திரள்வோம்!

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்