கடவுச்சொல்லும் அமானிதமே

பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத்தொழிலும் வளர்த்த சிவகாசி வட்டாரத்தில், இன்று கணிப்பொறி இல்லாத அலுவலகம் அரிது. மருந்துப் பொருள்களின் இருப்பு, சம்பளப் பட்டியல், வரிக்கணக்கு, நாட்காட்டி வடிவமைப்புகள் ஆகிய யாவும் அதனுள் அடங்கிவிட்டன. அதனை ஆளும் நிர்வாகிக் கடவுச்சொல்லோ பெரும்பாலும் ஒரே ஒருவரின் நினைவில் மட்டும் வாழ்கிறது. அவர் பணி விலகுகிறார். அல்லது திடீரென மறைந்துவிடுகிறார். மறுநாள் காலை திரை ஒரு சொல்லைக் கேட்கிறது. அதனை அறிந்தவர் எவரும் இல்லை. உடனே நாம் பழுது பார்ப்பவரைத் தேடி ஓடுகிறோம். ஆனால் இது பொறியின் பழுதன்று. பொறுப்பை ஒப்படைக்கத் தவறியதன் விளைவு என்பதே நம் கருத்து.

மொழி பயில்வோர் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று நார்வே நாட்டில் நடந்தது. வட்டார வழக்குகளைத் திரட்டி எழுத்துமொழி ஒன்றை உருவாக்கியவர் 19ஆம் நூற்றாண்டு அறிஞர் ஈவார் ஓசன். அவர் பெயரால் அமைந்த மொழி, பண்பாட்டு மையத்தில், ரெய்தார் யூபெதால் என்னும் பேராசிரியர் திரட்டிய சுமார் 11,000 நூல்களின் பட்டியல் கணிப்பொறியில் இருந்தது. அதன் கடவுச்சொல்லை அறிந்தவர் மறைந்துவிட்டமையால் பட்டியலைத் திறக்க இயலவில்லை. 2002ஆம் ஆண்டு அம்மையம் உலகோரிடம் உதவி வேண்டியது. விடை விரைவிலேயே வந்தது. யூபெதால் என்னும் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக வைத்ததே அக்கடவுச்சொல்! பூட்டு எளிதாக இருந்ததால் நூற்செல்வம் பிழைத்தது.

இன்றைய பூட்டுகள் அத்துணை இரக்கமுடையன அல்ல. கணிப்பொறி கடவுச்சொல்லை எழுத்துவடிவில் வைத்திருப்பதில்லை. மீண்டும் சொல்லாக்க இயலாத கணித உருவாக மாற்றியே வைத்திருக்கிறது. ஆதலின் பழைய சொல்லைக் கண்டறிவதைவிடப் புதிய சொல்லை அமைப்பதே வழியாகும். மற்றொரு நிர்வாகிக் கணக்கு இருப்பின் அது சில நிமிட வேலை. இல்லையேல் வட்டில் உள்ள தகவல்களின் கதி ஐயத்திற்குரியது. புதிய விண்டோஸ் கணிப்பொறிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் பூட்டு நாம் கேளாமலே இயங்குகிறது. அதற்குரிய 48 இலக்க மீட்பு எண், பெரும்பாலும் முதலில் உள்நுழைந்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்படுகிறது. அது விலகிச் சென்ற ஊழியரின் சொந்தக் கணக்காயின் நிறுவனத்தின் நிலை என்ன? அவ்வெண் கிட்டாவிடில் அந்நிறுவனத்தாரே வந்தாலும் கோப்புகளை மீட்டுத்தர இயலாது.

இதனால் வரும் இழப்பு முதலாளிக்கு மட்டுமன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நம் மாவட்டம் மறக்கவில்லை. அத்தகைய துயர நாளில், யார் வேலைக்கு வந்திருந்தார் என்பதற்கு வருகைப் பதிவேடே சான்று. சாத்தூர், வெம்பக்கோட்டைச் சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வந்த ஏழைத் தாயின் பிள்ளைகள் இழப்பீடு கேட்டு நிற்கும்போது, அச்சான்று திறவாத கணிப்பொறிக்குள் கிடக்குமாயின் அந்தப் பிள்ளைகளுக்கு யார் விடை சொல்வது?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கஃபாவின் சாவியைப் பெற்றுத் திறந்தபின், அதனை முன்னரே காத்துவந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பி அளித்தார்கள். இன்றளவும் அச்சாவி அக்குலத்தாரிடமே உள்ளது. சாவியைக் காப்பவர் இல்லத்தின் உரிமையாளர் அல்லர். அவர் கையில் இருப்பது அமானிதம். அது யாரிடம் உள்ளது என்பதைப் பதினான்கு நூற்றாண்டுகளாக உலகம் அறியும். நம் அலுவலகச் சாவியோ பதினான்கு மாதங்களில் காணாமற் போகிறது!

எழுதி வைத்தால் திருட்டுப் போகாதா எனச் சிலர் வினவலாம். மேசையில் ஒட்டி வைத்தால் போகும். அனைவர்க்கும் சொல்லி வைத்தாலும் போகும். கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் முத்திரையிட்ட உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வைத்து, பொறுப்பாளர் இருவர் கூடியே திறக்க வேண்டுமென விதித்தால் போகாது. நம்பிக்கைக்குரிய இருவர்க்குத் தனித்தனி நிர்வாகிக் கணக்குகள் இருத்தல் வேண்டும். பணி விலகுவோர் சாவிக்கொத்தோடு கடவுச்சொல்லையும் ஒப்படைத்துக் கையொப்பமிட வேண்டும். அன்றே அதனை மாற்றிவிடவும் வேண்டும். கோப்புகளின் படி ஒன்று வேறிடத்தில் இருப்பது நலம். பூட்டைத் திறக்க அழைக்கப்படும் தொழில்நுட்பரும், உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தை முதலில் கேட்பதே அறமாகும்.

நம் மாணவர் பலர் நாளை இவ்வலுவலகங்களில் அமர்வர். தன்னை விட்டால் வேறு ஆளில்லை எனச் சொல்ல வைப்பது திறமையாகாது. தாம் இல்லாத நாளிலும் பணி தடையின்றி நடக்குமாறு வைத்துச் செல்வதே நாணயம். அந்நாணயத்தை அவர்கட்கு இறைவன் அருள்வானாக!