சுண்ணாம்பு நம் கையில். கூரை யார் கையில்?

பண்டிகை நெருங்கிவிட்டால் போதும், தோட்டத்து லயங்களில் ஒரு சுறுசுறுப்புப் பிறந்துவிடும். வீட்டுச் சாமான்கள் அஞ்சடிக்கு வரும். ஒட்டடைக் கம்பு எழும். ஒரு பக்கம் சுண்ணாம்பு கரைப்பார்கள். மறு பக்கம் பிள்ளைகள் பழைய நாள்காட்டிகளைச் சுவரிலிருந்து கழற்றுவார்கள். இன்று பல வீடுகளில் சுண்ணாம்பு வாளியின் இடத்தைப் பெயிண்டு டின் பிடித்துக்கொண்டது. வழக்கம் மட்டும் மாறவில்லை. எத்தனையோ தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது; லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. எனினும் தோட்டத்துப் பழைய பலகை வீடுகளிலும் கல் வீடுகளிலும் குடியிருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

தான் வாழும் வீட்டைத் தன் கையாலேயே செப்பனிட்டுக்கொள்வது நல்ல பழக்கம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், சுவரை வெளுப்பாக்கும் ஆர்வத்தில் நாம் ஒரு கேள்வியை மறந்துவிடுகிறோம். எது நாம் செய்ய வேண்டிய வேலை? எது வீட்டுக்கு உடையவர் செய்ய வேண்டிய வேலை?

இந்தக் கேள்விக்கு நம்மவர்களிடையே இரண்டு விதமான பதில் உண்டு. “இது தோட்டத்து வீடுதானே! நான் ஏன் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டும்?” என்பது ஒரு பதில். “ஆபீசில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, எல்லாவற்றையும் நாமே செய்துகொள்வோம்” என்பது மற்றொரு பதில். முதல் பதில் சோம்பலுக்கு வழி. இரண்டாவது, உழைத்த பணத்தை ஊரார் கிணற்றில் போடுவதற்கு வழி. இரண்டுமே தவறு என்பதுதான் நம் அபிப்பிராயம்.

சட்டம் சொல்வது என்ன?

தோட்டத்து வீடு நிர்வாகம் போடும் பிச்சையன்று. அத்தாப்புக் கூரையின் கீழ், மண் தரையில் படுத்து, காட்டை அழித்துத் தோட்டமாக்கிய தலைமுறையின் வியர்வை அதில் இருக்கிறது. 1966 ஆம் ஆண்டிலேயே தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றி நம் நாட்டில் சட்டம் வந்தது. 1990 இல் அதன் இடத்தில் 446 ஆம் எண் சட்டம் வந்தது. அச்சட்டம் 2019 இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் மாதம் முதல் தேதியிலிருந்து தோட்டம், சுரங்கம் என்ற எல்லையைத் தாண்டி மற்றத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

அந்தச் சட்டத்தின்படி, தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கும்படி செய்வது முதலாளியின் பொறுப்பு. கட்டடத்தைப் பழுதில்லாமல் நல்ல நிலையில் வைத்திருப்பதும் அவர் பொறுப்பே. அனுமதியில்லாமல் வீட்டை நீட்டிக் கட்டுவதோ, கட்டட அமைப்பை மாற்றுவதோ நடக்காமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் அவருக்கு உண்டு. இதை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சமையற்கட்டு இழுத்துக் கட்டிய பிறகு, “அனுமதி எங்கே?” என்று ஆபீசில் கேட்டால் நம்மிடம் பதில் இருக்காது. கட்டிய செலவும் போய், இடிக்கும் செலவும் நம் தலையில் விழக்கூடும்.

நம் கைக்கு உரிய வேலை

அப்படியானால் நாம் கைகட்டி உட்கார வேண்டுமா? வேண்டாம். அதிகப் பணமின்றி, உழைப்பை மட்டும் கேட்கும் வேலைகள் எத்தனையோ உண்டு.

முதலில் தண்ணீரின் வழியைப் பாருங்கள். சுவரில் ஈரம் படர்ந்திருந்தால் அதன்மேல் பெயிண்டு அடித்துப் பயனில்லை. மூன்று மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்து விழும். ஈரம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாய் தூர்ந்து, மண் சுவரோடு சேர்ந்து கிடந்தால், அதை வெட்டி அப்புறப்படுத்தச் சங்குளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போதும். பீலியில் அடைத்திருக்கும் இலை தழையையும் எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் தெளிந்த தண்ணீர்தான் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்குத் தொட்டில்.

அடுத்தது சுண்ணாம்பு. பெயிண்டு வந்த பிறகு சுண்ணாம்பை ஏழை வீட்டுச் சரக்கு என்று சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். அது சரியன்று. கல் சுவருக்குச் சுண்ணாம்பு மிக நல்லது, சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடும், பூசணத்தையும் தடுக்கும். நீறாத சுண்ணாம்பாக இருந்தால், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைப் போட வேண்டுமே தவிர, சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஓர் இரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது உப்பும் கஞ்சியும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லியதாக அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிட நீர்த்து இரண்டு மூன்று தடவை அடிப்பதே நிலைக்கும். எண்ணெய்ப் பெயிண்டு அடித்த சுவரிலோ பலகையிலோ சுண்ணாம்பு பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பலகை வீட்டுக்காரர்கள் கரையானைக் கவனிக்க வேண்டும். கல் காலின்மேல் மண்ணால் கோடு போட்டதுபோல் ஒரு குழாய் ஏறினால் அதுதான் கரையான் போகும் பாதை. அதைச் சுரண்டிவிட்டு, சுவரை ஒட்டி அடுக்கிய விறகையும் பழம்பலகையையும் தள்ளி வையுங்கள். பழுதான காலுக்குப் பதிலாக வெட்டிப் போட்ட பால்மரத் துண்டை முட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. மருந்தேற்றாத பால்மரம் பூச்சிக்கும் பூசணத்துக்கும் நல்ல தீனி. நமக்குச் சோறு போட்ட மரந்தான்; ஆனால் நம் வீட்டைத் தாங்கும் மரமன்று.

கை வைக்கக் கூடாத வேலை

துணிச்சல் வேறு, அறிவீனம் வேறு. சில வேலைகளில் எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் நாம் இறங்கக் கூடாது.

கூரையை எடுத்துக்கொள்வோம். தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டை வழியாகச் சொட்டினால் தாரும் துணியும் வைத்துத் தற்காலிகமாக அடைக்கலாம். ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் அந்த ஆணியே அடுத்த ஒழுக்கு. ஆனால் தகரமே துருவேறிச் சல்லடையாகிவிட்டால் தாரும் துணியும் என்ன செய்யும்? தகரத்தை மாற்றுவது நிர்வாகத்தின் வேலை.

பழைய வீடுகள் சிலவற்றில் கூரையும் கூரைத்தட்டியும் அஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கும். அதை அறுக்கவோ, துளைக்கவோ, தேய்க்கவோ, உடைத்துப் போடவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் நுண்ணிய தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக முளைக்கும். பழந்தகடு நம் பாரத்தையும் தாங்காது. ஏறியவர் உள்ளே விழுந்துவிடுவார். பழைய எண்ணெய்ப் பெயிண்டிலும் ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்ந்தபடியே தேய்த்தால் தூசி முதலில் போய்ச் சேருவது தவழும் குழந்தையின் வாயில்தான். தேய்த்துத்தான் ஆகவேண்டுமென்றால் நனைத்துத் தேய்த்து, கழிவைக் கூட்டி மூடி அப்புறப்படுத்துங்கள்.

மின்சாரக் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு பிளக்கில் நான்கு பிளக்கைச் சொருகி, பண்டிகை விளக்கையும் அதிலேயே மாட்டி, பலகைச் சுவரில் ஆணியால் கம்பியை இறுக்கும் காட்சி இன்றும் மறையவில்லை. லைசென்சு பெற்ற ஒயர்மேன் அல்லாத யாரும் கம்பியில் கை வைக்கக் கூடாது. அவரை அழைத்துவர வேண்டியது வீட்டுக்கு உடையவர்.

ஒரே கூரை, ஒரே குரல்

லயம் என்பது தனி வீடன்று. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள். முதல் வீட்டில் ஓட்டை விழுந்தால் மூன்றாம் வீட்டில் தண்ணீர் சொட்டும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓடும் ஓட்டம் அப்படி. ஆகவே ஒருவர் மட்டும் தம் தலைக்கு மேலுள்ளதை அடைத்துக்கொண்டால் பிரச்சினை தீராது. வரிசை முழுவதும் சேர்ந்து பார்க்க வேண்டும். வரிசை முழுவதும் சேர்ந்து கேட்க வேண்டும். ஒருவர் போய்க் கேட்டால் “பார்க்கலாம்” என்பார்கள். பத்துக் குடும்பம் கையெழுத்திட்டுக் கேட்டால் யார் பார்க்காமல் இருப்பார்?

கேட்பதையும் ஒழுங்காகக் கேட்க வேண்டும். பெரட்டுக் களத்தில் மண்டோரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, “நான் சொல்லிவிட்டேன்” என்று இருந்துவிடக் கூடாது. வாய்ச்சொல் மழைத் தண்ணீர்போல ஓடிவிடும். எந்த வீடு, என்ன பழுது, எந்தத் தேதியிலிருந்து என்று எழுதுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. பழுதைப் படம் எடுத்து வையுங்கள். கடிதத்தின் நகலில் ஆபீசு பெற்றுக்கொண்ட தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் சங்கக் கிளைக்கும், அதன்பின் தொழிலாளர் இலாகாவுக்கும் போக அந்த நகல்தான் ஆதாரம்.

இங்கே கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதத் தெரியாத ஒரு தொழிலாளிக்கு நான்கு வரி எழுதிக் கொடுப்பதால் உங்கள் கௌரவம் குறைந்துவிடாது. உங்கள் குவார்ட்டர்சும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது. அதன் கூரைக்கும் வயதாகிறது. இன்று அவருக்காக எழுதும் கடிதம் நாளை உங்களுக்கே உதவும்.

உழைப்பைக் கொடு, சேமிப்பைக் கொடாதே

கடைசியாகப் பணத்தைப் பற்றி. 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு ஏற்படுத்தப்பட்டது. அவசரத்துக்கு அது உதவும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தை எடுத்துத் தோட்ட வீட்டுக்குப் பளபளவென்று தரைக்கல் பதிப்பது புத்திசாலித்தனமா? வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் அந்தத் தரையைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியுமா?

நம் வரலாறே இதற்குச் சாட்சி. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, நிலம் துண்டு துண்டாகக் கை மாறியது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுடன் வெளியே நின்றன. சுவருக்குச் சுண்ணாம்பும், வாசலுக்குச் சிமிந்தியும், வேலியோரம் முருங்கையும் அவர்கள் போட்டவைதான். ஆனால் எதுவும் அவர்களுடையதாக இருக்கவில்லை. 1960 இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்ததற்கு இந்த வேதனையே காரணம்.

ஆகவே நாம் சொல்லும் விதி எளிது. கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடிய அலமாரிக்கும் கட்டிலுக்கும் திரைச்சீலைக்கும் செலவு செய்யுங்கள். சுவரோடு நின்றுவிடுகிற வேலைக்கு உழைப்பை மட்டும் கொடுங்கள், சேமிப்பைக் கொடுக்காதீர்கள். அந்தச் சேமிப்பு, நாளை உங்கள் பெயரில் பட்டா உள்ள ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். அது பழைய வீடாக இருந்தாலும் பரவாயில்லை. தோட்டத்து வீட்டில் பழகிய கை அங்கே உங்கள் சொந்தச் சுவரைச் செப்பனிடும்.

தோழர்களே! வரும் பண்டிகைக்கும் சுண்ணாம்பு கரையுங்கள். சுவர் பளிச்சென்று இருக்கட்டும், பிள்ளைகள் மகிழட்டும். ஆனால் மட்டையைக் கையில் எடுக்கும் முன் ஒரு முறை தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். அங்கே பழுது இருந்தால், சுண்ணாம்பு கரைக்கும் அன்றே கடிதத்தையும் எழுதிவிடுங்கள். ஆபீசிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர் வெளுத்த சுவரைக் கண்டு, “எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது” என்று திரும்பிப் போய்விடக் கூடாது.